நூறு ஆண்டுக்கு மேலா, கீழா

சாங்கி சரக்குக் கூடம். விடிகாலை நாலரை.
பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி-ஓ
விசைப்பலகை ஓரம் வியர்க்கிறது.
திரையில் ஒரு கட்டம் கேட்கிறது:
பொருளின் வயது நூறு ஆண்டுக்கு மேலா, கீழா?

குழந்தையின் சவப்பெட்டி மாதிரி இருக்கு என்றான் மொஃபிசுல்,
சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.
ஜெர்மனியில் வாயில் நுழையாத பெயருள்ள ஊர்.
மூன்றே பேர் கொண்ட நிறுவனமாம்.
ஒருவர் மரம் கடைவார், ஒருவர் துளையிடுவார்,
மூன்றாமவருக்குக் கடிதம் எழுதுவதுதான் வேலை போலும்.
பில்லில் அவர் கையெழுத்து:
பஸூன். 1747ஆம் ஆண்டினது. செய்தது சென்ற மார்ச்.

எப்படி மனசு வந்தது அவருக்கு,
இரண்டையும் ஒரே வரியில் எழுத?

வரி என்னவோ இரண்டுக்கும் ஒன்பது சதவீதம்தான்.
தொல்பொருள் என்றால் தொண்ணூற்றேழில் தொடங்கும் எண்,
வாத்தியம் என்றால் தொண்ணூற்றிரண்டு.
எண் தப்பினால் என் தலை.

அதிகாரி வந்து உச்சி வளையத்தைத் தட்டினார்.
யானைத் தந்தமா?
அசலில்தான் தந்தம். இது பிசின்,
தந்தம்போல் மஞ்சள் ஏற்றியது.
பொய் என்று உறுதி சொல்ல முத்திரையிட்ட ஒரு தாள்.
வாங்கியவர் சிரித்தார்.
குவெக் சியூ லான், பிடோக்கில் பல் மருத்துவர்,
நாலு வருடம் வரிசையில் காத்தவர்.

சின்ன டப்பாவில் ஆறு நாணல் பட்டைகள்.
சீவாளி! என்றேன், வாய் தவறி.
சிராங்கூன் ரோடு கோயிலில்
நாயனத்தின் கழுத்தில் சாவிக்கொத்துபோல் தொங்குமே,
அதற்கு இது பெரியம்மா மகள்.
சீ-வா-லி, என்று
மூன்று முறை சொல்லிப் பார்த்தார் டாக்டர்.

நாலு துண்டுகள். வளைந்த பித்தளைக் கழுத்து.
உடைந்திருக்கிறதா பார்க்க வேண்டாமா என்று
நான்தான் சாக்கு எடுத்துக் கொடுத்தேன்.
ஒரே ஒரு சுரம்.
நங்கூரமிட்ட கப்பல்
தூக்கத்தில் தொண்டையைச் செருமியது.
மொஃபிசுல் ஃபோர்க்லிஃப்டை அணைத்தான்.

பெட்டியின் அடியில் கடிதம்:
முதல் வாரம் நாளுக்குப் பத்தே நிமிடம்.
ஏர்கான் அருகே வேண்டாம்.
உங்கள் ஊர்க் காற்றை நாங்கள் மூச்சிழுத்ததில்லை,
மன்னியுங்கள்.
மரம் கற்றுக்கொள்ளும்.

ஈரமானி எண்பத்தாறு காட்டியது.
மார்ச்சில் பிறந்தது என்பதால்
கீழே என்ற கட்டத்தைச் சொடுக்கினேன்.
உறுதியாகவா? என்றது திரை.
கோப்பி ஆறும்வரை
பதில் சொல்லவில்லை நான்.

அடுத்தது நார்வே சால்மன், நானூறு கிலோ.
அதன் வயதை யாரும் கேட்கவில்லை.