எட்டாவது வாரம்

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறைக்கும் சலவை அறைக்கும் நடுவில் ஒரு கதவு.
என் கையெழுத்தில்: நுரையீரல் செயற்பாட்டுப் பிரிவு.
பிரிவு என்றால் நான்,
ஒரு கணினி,
மூன்று லீட்டர் சிரிஞ்சு ஒன்று.

காலை ஏழரைக்கு அதைத் தள்ளி
இயந்திரத்திடம் கேட்பேன்: இது எவ்வளவு?
இரண்டு தசம் ஒன்பது எட்டு, என்கும்.
போதும்.
அதற்கு மேல் நேர்மையை இந்த மலையில்
யாரிடமும் நான் கேட்டதில்லை.

அறை பதினைந்து பாகை.
வளியமுக்கம் அறுநூற்று ஐம்பத்தெட்டு,
மழைக்கு முன் இன்னும் இறங்கும்.
கொழும்பில் மனப்பாடம் செய்த எழுநூற்று அறுபதை
இங்கே வந்து முதல்நாளே அழித்தேன்.

சான்றிதழுக்கு விண்ணப்பித்து ஏழு மாதம்.
சீட்டுக் காசில் இரண்டு தவணை கட்டியாயிற்று.
மேற்பார்வைக்குக் கண்டியிலிருந்து நிலந்தி மிஸ்,
செவ்வாய் இரவு எட்டு மணிக்கு.
சிக்னலுக்காக நான் தண்ணீர்த் தொட்டியடியில்
குடையோடு.
"முதல் செக்கனில் ஒரு தயக்கம் இருக்கு, பார்த்தியா?"
இருமல், மிஸ்.
"அப்ப இருமல் என்று எழுது.
வளைவை அழகாக்காதே."

காணொளி பார்த்த பரீட்சகர்
ஒரே ஒரு குறை எழுதியிருந்தார்:
ஊக்கப்படுத்தும் குரல் போதாது.
போதாதா!
ஊதுங்க ஊதுங்க விடாதீங்க இன்னும் இன்னும் இன்னும்
பிம்பின்ன பிம்பின்ன பிம்பின்ன
சலவை அறைக் குசுமா சுவரைத் தட்டிக் கேட்பாள்,
பிள்ளை பிறந்துவிட்டதா என்று.

திரையில் இனம் என்றொரு கட்டம்.
சல்லடை அறையில் இருபத்தாறு வருடம்
தேயிலைத் தூசி குடித்த பரஞ்சோதிக்கு
எதைச் சொடுக்குவது?
மற்றவர்.
மற்றவருக்கு இவ்வளவு மூச்சு இருக்கலாம் என்று
எவரோ எங்கோ எழுதிவைத்த எண்,
அதில் எழுபது வீதம் அவருக்கு.
"எதில எழுபது?" என்றார்.
விடைத்தாளில் நான் சரியாக எழுதிய கேள்விதான் அது.
அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை.

பத்து வாரம், வாரம் ஒருமுறை
நானே ஊத வேண்டும் என்பது விதி.
இயந்திரம் பொய் சொல்கிறதா என்று பார்க்க
அதற்குப் பழகிய மார்பு ஒன்று வேண்டுமாம்.
இரண்டு தசம் நான்கு ஒன்று.
நான்கு நான்கு.
நான்கு பூச்சியம்.
இப்படியே ஏழு வாரம், சம்பளச் சீட்டுப் போல
கூடாமல் குறையாமல்.

எட்டாவது வாரம் இரண்டு தசம் ஒன்று ஐந்து.

குழாயை மாற்றினேன், வடிகட்டியை மாற்றினேன்.
சிரிஞ்சைத் தள்ளினேன்: இரண்டு தசம் ஒன்பது ஒன்பது.
தள்ளுவண்டியோடு போன பியதிலக்கவைப் பிடித்து உட்காரவைத்தேன்.
போன மாதம் மூன்று தசம் ஒன்று இரண்டு.
இன்றும் அதே.
கேட்காமலே இன்னொரு தடவை ஊதிக் காட்டினான்.

இயந்திரம் சரி.

ஒன்பதாம் வாரத்தை எட்டு என்று போட்டால்
யாருக்குத் தெரியும்?
நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
பேனாவை மூடித் திறந்து மூடினேன்.
லயத்தில் ஈர விறகு ஊதிய பன்னிரண்டு வருடம்
எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது.
தடிமல் என்று எழுதலாம்.
தடிமல் இல்லை.

எழுதினேன்:
கருவி பிழையில்லை.
சோதிப்பவர் சோதிக்கப்பட வேண்டும்.
கீழே ஞானசவுந்தரி ராயப்பன்.
சான்றிதழ் இலக்கம் என்ற இடத்தில்
ஒரு கோடு.

செவ்வாய் இரவு நிலந்தி மிஸ் அதை வாசித்துவிட்டு
நேரம் போகப் பேசாமல் இருந்தார்.
குடையில் விழும் மழை
அவருக்கும் கேட்டிருக்கும்.
"வியாழன் கண்டிக்கு வா.
உன்னை நான் ஊதவைக்கிறேன்."

ஐந்தே கால் பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.
பிறகு,
சத்தமாக, மிஸ்.
குரல் போதாது என்று எழுதிவிடுவார்கள்.