ஆறு மணி நீர்மட்டம்

உச்சிக்குழி மூடும்வரை
எங்களிடம் ஓர் அளவுகோல் இருந்தது.
புவனலோஜினி பால் கொடுத்தபடி
உள்ளங்கையை அதில் வைத்துப் பார்ப்பாள்.
அமுங்கினால் அன்றைக்கு உலை வைப்பாள்.
புடைத்திருந்தால்
வவுணதீவு பஸ்ஸுக்கு ஓடுவோம்.

பிறகு எலும்பு பொருந்திவிட்டது.
நல்லது என்றார்கள் எல்லாரும்.
எங்களுக்கோ
உள்ளே ஆளிருக்கக்
கதவு பூட்டிக்கொண்டது போல.

நான் உன்னிச்சைக் குளத்தில் மட்டம் வாசிக்கிறவன்.
காலை ஆறு, மாலை ஆறு,
மாரியில் மணிக்கொரு தரம்.
தண்ணீரில் இறங்காமலே
தண்ணீரைச் சொல்வதற்குச் சம்பளம்.

ஜனுஷிகாவுக்கு ஆறு வயது.
காதுக்குப் பின்னால் இறங்கும் குழாய்
கழுத்துத் தோலுக்கடியில் வயிற்றுக்குப் போகிறது.
சீப்பு தட்டினால்
"அப்பா, பைப்" என்பாள்,
"அப்பா, செருப்பு" என்பது போலத்தான்.

கார்த்திகை. ஐந்து நாள் மழை.
இரண்டு தரம் சத்தி எடுத்தாள்.
தலையிடிக்குதா என்றால் இல்லை என்கிறாள்.
ஊசிக்குப் பயந்தாலும் அவள் இல்லை என்றுதான் சொல்வாள்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி.
டொக்டர் ருஸ்தா, காத்தான்குடிப் பிள்ளை,
"தலையைத் தொடமாட்டன், கண்ணை மட்டும் மூடுங்க" என்றார்.
இமைமேல் மெல்லிய தாள்.
தாள்மேல் குளிர்ந்த களி.
"நுங்கு" என்றாள் மகள்.

திரையில் கண் ஒரு கறுத்த கிணறு.
கிணற்றின் அடியிலிருந்து
பின்னோக்கி ஒரு கறுத்த வாய்க்கால்.
மூளையில் அழுத்தம் கூடினால்
பார்வை நரம்பின் உறை வீங்குமாம்.
மூன்று மில்லிமீற்றர் தள்ளி
குறுக்கே ஒரு கோடு இழுத்தார்:
நாலு தசம் ஆறு.

"உங்கட கோலுக்குப் பூச்சியம் வைச்சது ஆர்?"
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
கோபிக்கவில்லை அவர்.
"எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பூச்சியம் இல்ல.
சித்திரையில சுகமா இருக்கக்குள்ள
இவக்கு எடுத்து வைச்சது நாலு தசம் நாலு.
கூடின ரெண்டு
என்ட கை ஆடினதாயும் இருக்கலாம்.
காலைல திரும்பப் பாப்பம்."

காற்றடித்தால் என் கோலிலும் இரண்டங்குலம் ஆடும்.
அலையின் மேட்டைப் பார்த்து, பள்ளத்தைப் பார்த்து
நடுவை எழுதுவேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
தலையாட்டினேன்.

இரவுச் சோற்றை மகள் தின்று முடித்தாள்.
புவனலோஜினி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கறிவேப்பிலைய ஒதுக்கல்ல.
எல்லாத்தையும் திண்டுட்டாள்.
இது என்ட புள்ள இல்ல."
எழும்பிப் போய் டொக்டரிடமும் சொன்னாள்.
நான் கூச்சத்தில் யன்னலைப் பார்த்தேன்.
டொக்டர் அதையும்
நேரம் போட்டு எழுதிக்கொண்டார்.

காலை ஆறு.
வலக்கண் ஐந்து தசம் இரண்டு.
இடக்கண் ஐந்து தசம் மூன்று.
கை ஆடியதென்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.
தலையையும் ஸ்கேன் எடுத்துவிட்டு
தியேட்டருக்கு ஆள் அனுப்பினார்கள்.
குழாய் எங்கோ அடைத்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து போன்.
எனக்குப் பதிலாய் நிற்கும் யோகச்சந்திரன்:
"அண்ணன், முப்பத்திரண்டடி ரெண்டங்குலம்.
வான்கதவு திறக்கச் சொல்லிட்டாங்க.
புள்ளக்கு எப்படி?"
கையில் கிளினிக் அட்டைதான் இருந்தது.
அதன் பின்பக்கம் குறித்தேன்
முப்பத்திரண்டு, இரண்டு.
கீழே ஐந்து, இரண்டு.
ஒன்றுக்கு அடி, மற்றதற்கு மில்லிமீற்றர்.
கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது.

தள்ளுவண்டி வந்தது.
"புதுப் பைப் என்ன கலர்?" என்றாள், அரைத்தூக்கத்தில்.
தெரியாதும்மா என்றேன்.

இடது இமையோரத்தில்
களி இன்னும் காயவில்லை.
சேர்ட் நுனியால் துடைத்தேன்,
அழுத்தாமல்.