கேட் போட்டிருக்கு

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
தொழில் ஆபத்தானதா? ஆம் / இல்லை.

பதினாலு வருஷத்தில் ஒருவர்கூட
ஆம் என்று என்னிடம் சொன்னதில்லை.

சேவுகன் வீடு பிரிக்கிற ஆள்.
கானாடுகாத்தானில் கடைசிப் பங்காளியும் கையெழுத்துப் போட்டுவிட்டால்
மறுநாள் காலை அவன் ஓட்டின் மேல் நிற்பான்.
வெறுங்கால். இடுப்பில் ஒரு தாம்புக்கயிறு,
மறுமுனை எதிலும் கட்டியிருக்காது.
சுவர்ப் பொந்துக்குள் முழங்கை வரை விட்டு
உள்ளே இருப்பது ஆணியா பாம்பா என்று
தடவிப் பார்த்துச் சொல்வான்.
இல்லைன்னு போடுங்கக்கா, என்றான்.
போன தீபாவளிக்குக் காரைக்குடி ஜவுளிக்கடையில்
நகரும் படிக்கட்டைப் பார்த்ததும்
பெண்டாட்டி பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு
இரண்டு மணி நேரம் பைகளுக்குக் காவல் நின்றவன்.

முத்தாத்தாள் பலகாரக் கடைக்குச் சீடை போடுகிறாள்.
மாவில் ஒரு சொட்டு ஈரம் தப்பினால் போதும்,
சட்டி துப்பாக்கியாகிவிடும்.
இடது கண்ணுக்குக் கீழே மூன்று தழும்பு,
பொட்டு வைத்த மாதிரி வரிசையாக.
கண்ணுல படலையே, அப்புறம் என்ன,
என்று ‘இல்லை’யின் மேல் அவளே விரல் வைத்தாள்.
எண்ணெய்க் கறையோடுதான் அனுப்பினேன்.
செவ்வாய்க்கிழமை மட்டும் பணம் தர மாட்டாள்,
குடும்பத்துக்கு ஆகாதாம்.

மெய்யர் எட்டு லட்சத்தைச்
சகலை மகனுக்கு வாய்ப்பேச்சில் கொடுத்தார்.
பையன் போன இடம் மலேசியாவா வேறெங்குமா,
இன்றுவரை தகவல் இல்லை.
என் நூற்றுப் பதினேழு ரூபாய் ரசீதை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
முத்திரை எங்கே என்கிறார்.

ஆபத்துக்கு அலுவலகத்தில் ஓர் அட்டவணை உண்டு,
வயது வாரியாக.
சீடை அதில் இல்லை.
சகலை மகனும் இல்லை.

காலை எட்டு ஐம்பதுக்கு கேட் போடுவார்கள்.
திருச்சி வண்டி.
கேட்கீப்பர் கத்தக் கத்த
பால்கேன் குனியும், பள்ளிக்கூடப் பை குனியும்.
ஒருநாள் ஒரு மாப்பிள்ளைகூட
வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து உருட்டிக்கொண்டு போனான்,
கழுத்தில் மாலையோடு.
நான் குனிந்ததில்லை.
ஹெல்மெட் வாரைக் கழற்றாமல்
எஞ்சினை அணைக்காமல் நிற்பேன்,
பெட்ரோல் போனால் போகிறது.

எதிர்ப்பக்கம் இன்னொருவர் நிற்பார்.
வண்டியின் பின்னால் கண்ணாடிப் பலகைகள்,
சாக்கு சுற்றி, நிமிர்த்திக் கட்டி.
குனியாததற்கு அவருக்காவது காரணம் உண்டு.
வெயில் அவர் முகத்தில் விழும், என் முதுகில்.
நான் பார்ப்பது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.
கேட் தூக்கியதும்
தண்டவாளத்தின் நடுவில் கடந்து போவோம்,
ஆளுக்கு ஒரு ஓரமாக ஒதுங்கி.
எட்டு மாதம் இப்படி.
தீர்த்துக்கொண்டு வந்த பெண்
எது செய்யலாம் எது கூடாது என்று
இங்கே யாரும் அட்டவணை போடவில்லை.
போடாமலே எல்லோருக்கும் மனப்பாடம்.

இன்று ஒன்பது பத்தாகியும் வண்டி வரவில்லை.
இரண்டு பக்கமும் காலி,
குனிகிறவர்கள் எல்லோரும் குனிந்து போய்விட்டார்கள்.
கேட்கீப்பர் டீ குடிக்கிறார்.
நாங்கள் மட்டும்
வராத ரயிலுக்கு வழிவிட்டு.

பொந்துக்குள் கையை விட்டேன்.
வண்டி லேட்டோ இன்னிக்கு?

இரண்டு தண்டவாளத்தைத் தாண்ட வேண்டியிருந்ததால்
கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போல.
கேட்கீப்பர் திரும்பிப் பார்த்தார்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.
நினைத்ததைவிட நரை.
உங்க இண்டிகேட்டர் எரியுதுங்க, என்றார்.
ரொம்ப நாளாவே எரியுது.

குனிந்து பார்த்தேன்.
வலது பக்கம்.
நான் தினமும் நேராகத்தான் போகிறேன்.