தானியங்கிப் பதில்

ஜூலை முதல் தேதி
மெட்டேவுக்கு அனுப்பிய அஞ்சலுக்கு
ஒரே நொடியில் பதில் வந்தது.
"இந்த மாதம் முழுவதும் நான் இல்லை.
டென்மார்க்கில் இது கோடை.
இடையில் வருபவை எல்லாவற்றையும்
திரும்பியதும் படிக்காமல் அழிப்பேன்.
முக்கியமென்றால் ஆகஸ்டில் மறுபடி எழுதுங்கள்."

பெருங்குடி நான்காம் மாடியில்
இதைச் சத்தமாக வாசித்து,
கெட்ட வார்த்தை கேட்ட பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.
அழிப்பாளாமே!
ஜெபராஜ் அதை அச்செடுத்து
காபி மெஷின் மேல் ஒட்டினான்.
சாயங்காலத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள்.

ஒசாகாவின் நகாதா வேறு ரகம்.
ஒரு நிமிடத் தாமதத்துக்கு
மூன்று நிமிடம் மன்னிப்புக் கேட்பார்.
அங்கே இரவு ஒன்பதரை,
திரையில் அவருக்குப் பின்னால்
ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்காது.
மேலாளர் எழும்வரை யாரும் எழுவதில்லையாம்.
அது எனக்குப் புரிந்தது.
உடனே புரிந்ததுதான் கொஞ்சம் உறுத்தியது.

ஆகஸ்டில் எனக்கு இரண்டு நாள் விடுப்பு.
வடபழனியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து.
நானும் ஒரு தானியங்கிப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
'நான் இல்லை' என்று தொடங்கி
'ஆனாலும்' சேர்த்து
கைபேசி எண் சேர்த்து
அது கிடைக்காவிட்டால் என்று மனைவியின் எண்ணும் சேர்த்து
படித்துப் பார்த்தேன்.
அலுவலகத்தில் இருக்கும் நாட்களில்கூட
இவ்வளவு பக்கத்தில் நான் இருந்ததில்லை.

பதினொன்றரை மணி முகூர்த்தம்.
தாய்மாமன் மடியில் நித்திலா,
சட்டைப் பையில் போன்.
பணப் பரிமாற்றம் மொத்தமும் நின்றுவிட்டதாம்.
ஆசாரி ஊசியை இறக்கிய நேரம்
நான் பேச வாயெடுக்க,
அவள் அலறியது மூன்று நாடுகளுக்குக் கேட்டது.

"என்ன சத்தம் அது?" மெட்டே.
சொன்னேன்.
"நீ விடுப்பில்தானே இருக்கிறாய்? போய்விடு."
குரலில் கருணையெல்லாம் இல்லை.
நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியிடம் சொல்வதுபோல்.
நகாதா மன்னிப்புக் கேட்டார்,
என்னிடமா பிள்ளையிடமா தெரியவில்லை.
ஜெபராஜ் மட்டும் வாய் திறக்கவில்லை.
போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசியவன் அவன்.

பயம் என்று சொல்லி முடித்துவிடலாம்.
மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு இன்னும் பதினோரு வருடத் தவணை.
என் நாற்காலிக்கு வாசலில் எத்தனையோ பையன்கள்.
உண்மைதான்.
ஆனால் எந்த வரியில் பிழை என்று
அந்த நிமிடம் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.
அந்த ருசியை மெட்டேவுக்கு
எந்த மொழியில் சொல்ல?

'அஞ்சே நிமிஷம்' என்று பிள்ளையை இறக்கிவிட்டேன்.
செருப்பில்லாத கால்
வெயில் கல்லில் மாறி மாறி நிற்க
நாற்பது நிமிடம்.
பணம் மறுபடி ஓடியது.
நள்ளிரவு தாண்டிய டாலஸிலிருந்து
கட்டைவிரல் ஒன்று வந்தது.

இரண்டாவது காது குத்தும்போது
அவள் யார் மடியிலிருந்தாள் என்று
வீடியோவில்தான் பார்த்தேன்.
மாப்பிள்ளை வழியில் யாரோ,
பெயர் தெரியாது.
நன்றாகத்தான் பிடித்திருந்தார்.