ஆறு இலக்கம்

நிரஞ்சலா ரீச்சர்தான் கேட்டா.
"தெரியாம உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டு,
கொஞ்சம் பாத்து அனுப்புங்களன்."
பாமசியில் சனம்.
ஒரு கையில் காய்ச்சல் பாணிப் போத்தல்,
மறுகையில் போன்.
ஆறு இலக்கத்தையும் பிழையில்லாமல் அடித்தேன்.
மருந்துத் துண்டைக்கூட இவ்வளவு கவனமாய்
நான் வாசித்ததில்லை என்று
பிறகு முதலாளி சொன்னார்.

அது ரீச்சர் இல்லை.
ரீச்சரின் பெயரும்
கல்லடிப் பாலத்தில் எடுத்த அவவின் படமும்தான்.
அவவும் முதல்நாள் யாருக்கோ
இப்படித்தான் அள்ளிக் கொடுத்திருந்தா.

பத்து நிமிஷம்.
நான் எனக்கு வெளியே நின்றேன்.
உள்ளே ஒருவன் என் முகத்தோடு
களுவாஞ்சிகுடி முழுக்கக் கடன் கேட்டான்.
சீட்டுக் கட்டும் ஏழு பெண்களிடம்,
கோயில் கணக்குப்பிள்ளையிடம்,
ஒரேயொரு முறை பஸ்ஸில் பேசிய
கல்முனை நர்ஸிடம்.
"அவசரம். பிறகு விளங்கப்படுத்துறன்."
பதின்மூன்று வருசம் இந்த ஊரில்
ஒரு கொத்து அரிசி கைமாற்றுக் கேளாதவள் நான்.
அவனுக்கு வெட்கமே இல்லை.
கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

போன் கடை றிகாஸ் தலை நிமிராமல் சொன்னான்:
"முதல்ல ஆக்களுக்குக் கோல் எடுங்க.
எழுதாதீங்க. எழுதினா
அவன் எழுதினதா நீங்க எழுதினதா
ஆருக்குத் தெரியும்?
குரலக் காட்டுங்க."

காட்டினேன்.
"நான்தான் சுபோதினி. காசு கேட்டது நான் இல்ல."
முப்பதாவது ஆளிடம் சொல்லும்போது
அந்த 'நான்தான்' எனக்கே
கொஞ்சம் ஆடியது.
ஒருவர் கேட்டார்,
"இப்ப கதைக்கிறது நீங்கதான் எண்டதுக்கு
என்ன அத்தாட்சி?"
"உங்கட சீனிக் குளிசை
நாளையோட முடியுது, வந்து எடுங்க" என்றேன்.
நம்பினார்.

அதற்குள் றிகாஸ் எல்லாவற்றையும் அழித்துத்
திரும்ப ஏற்றியிருந்தான்.
புதுக் கோட் என் சிம்முக்கு வந்தது.
அடித்ததும் கள்ளன் வெளியே விழுந்தான்.
விழுமுன் உள்ளே ஒரு பூட்டுப் போட்டிருந்தான்.
"ஏழு நாள்" என்றான் றிகாஸ்,
"உங்களுக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல."
எட்டுச் செலவுக்கு நாள் எண்ணுவதுபோல்
என் பெயருக்கு நான் எண்ணத் தொடங்கினேன்.

நாற்பத்திரண்டாவது கோல் மிச்சம்.
போனில் 'அக்கரைப்பற்று' என்று மட்டும்
பதிந்து வைத்திருந்த இலக்கம்.
அம்மாவின் வீட்டை
என் சீதனமாய் எழுதிய நாளிலிருந்து
ஆறு வருசம் அழுத்தாதது.

"அனுப்பிட்டன்" என்றாள், ஹலோவுக்கும் முதல்.
"இருபத்தையாயிரம். அவ்வளவுதான் கிடந்தது."
"வாணி, அது நான் இல்ல. கள்ளன்."
"தெரியும்.
அக்கா எண்டு எழுதியிருந்திச்சி.
நீ எந்தக் காலத்தில என்ன அக்கா எண்டாய்?"
"பிறகேன் கா அனுப்பின?"
அவள் வீட்டுக் குக்கர்
இரண்டு தரம் கூவி அடங்கியது.
"ஒருவேளை நீயா இருந்தா?"

பொலிசில் ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்தார்கள்.
வங்கியில் ஒரு படிவம்.
காசு போன கணக்கு
எங்கோ ஒரு கிழவரின் பெயரிலாம்,
அவருக்கும் ஒன்றும் தெரியாதாம்.
வந்தால் வரும் என்றார்கள்.

எட்டாம் நாள் பூட்டுத் திறந்தது.
இரண்டாம் பூட்டொன்றை நானே போட்டேன்.
"பிறந்த திகதி போடாதீங்க" என்றான் றிகாஸ்.
போடவில்லை. போட்டதைச்
சொல்லவும் மாட்டேன்,
ரீச்சர் நேரில் வந்து கேட்டாலும்.

"கணக்கு நம்பர அனுப்பு வாணி,
என்ர காசில இருந்து போட்டு விடுறன்."
"அனுப்பமாட்டன்" என்றாள்.
"இந்தக் காலத்தில ஆர நம்பி அனுப்புற?
கொண்டு வந்து தா."

ஞாயிறு, கல்முனை தாண்டி பஸ் போகிறது.
மடியில் காசு.
இறங்கும் தரிப்பிடம் மட்டும்
மறந்துபோயிற்று.
கண்டக்டரிடம் கேட்க வேண்டும்.