எழுநூறு கிராம்

பூட்டில்லாத கதவு இது என்றார் லெத்தொனென்.
தோட்டா வெடிக்கும் கணத்தில்
பின்னால் சாய்ந்து நிற்கிறது ஓர் இரும்புக்கட்டி.
அதன் சோம்பல், ஒரு சுருள்வில்.
வேறெதுவும் இல்லை.

நான் தராசுக்காரி.
ஏரிக்கரைத் தொழிற்சாலையில் இது மூன்றாம் குளிர்காலம்.
ஒரு நாளில் நூற்றெண்பது கட்டிகள்
என் தட்டில் ஏறி இறங்கும்.
எழுநூறு கிராம். ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம்.
கையில் எடுத்தாலே சொல்லிவிடுவேன்.
ரொட்டியை அப்படிச் சொல்ல வராது;
பங்கீட்டு ரொட்டி தினமும் பொய் சொல்லும்.

கரேலியாவிலிருந்து கடிதம்:
பனிச்சறுக்கில் நாற்பது கிலோமீட்டர்,
தோள் கழன்று தொங்குகிறது,
இருநூறு கிராமாவது குறையுங்கள்.
கார்ப்பரல் வில்ஹோ ஹூஸ்கோ.

குறைத்தார்.
சோதனைக் கொட்டகையில் அது தையல் இயந்திரம்போல் கத்தியது;
தும்மி முடிப்பதற்குள் பெட்டி காலி.
வில்லுக்கு முறுக்கேற்றினார்.
கம்பளி உறை போட்ட விரல்
இழுக்க முடியாமல் வழுக்கியது.
"கடன்காரன், ஹில்க்கா.
முன்வாசலில் கொடுத்து அனுப்பினால்
கொல்லையில் வந்து நிற்கிறான்."

கடைசியில் எழுநூறு அப்படியே திரும்பி வந்தது.
பிர்ச் மரக்கட்டை போய் மடக்குக் கம்பி வந்தது.
குழல் உறை முழுக்கத் துளைகள்.
கன்னம் வைத்தால் தோல் ஒட்டிக்கொள்கிறது என்று
ஹூஸ்கோ மறுபடி எழுதினான்.
கந்தைத்துணி சுற்றச் சொல்லி பதில் போட்டோம்.

மார்ச்சில்
சறுக்குவண்டியிலிருந்து ஒன்று விழுந்தது,
அடிக்கம்பி தரையில் குத்த, நட்டுக்குத்தாக.
விசையை யாரும் தொடவில்லை.
கட்டி தன் கனத்தாலேயே இறங்கி
வில் தள்ள மேலேறி
போகிற வழியில் ஒரு தோட்டாவைக் கூட்டிக்கொண்டது.
வண்டியோட்டி தௌனோ பெக்காரினென்.
குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

லெத்தொனென் அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
கைப்பிடி ஓடும் பள்ளத்தின் விளிம்பில்
அரத்தால் ஒரு சின்ன வெட்டு.
கைப்பிடியைத் திருப்பி அதில் மாட்டினால்
கட்டி எங்கும் போகாது.
ஆக, ஒரு தாழ்.
முதலிலேயே போட்டிருக்கலாம் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அரப்பொடியை வழித்து என் தட்டில் கொட்டினார்.
எவ்வளவு?
முள் அசையவில்லை.
புத்தகத்தில் ஏதாவது எழுது என்றார்.

கிராம் என்ற பத்தியில்
பெக்காரினென் என்று எழுதினேன்.

திங்கட்கிழமை வந்த தணிக்கையாளர்
சிவப்பு மையில் அதை அடித்துவிட்டுச்
சுழியம் போட்டார்.