பத்து மைக்ரோஃபாரட்

மெஷின் நின்றது சனிக்கிழமை,
லாரித் தண்ணி வந்த நாளாகப் பார்த்து.
தொட்டி நிறைய நுரை. நுரைக்குள்
இரண்டு காக்கிச் சட்டை, ஒரு லுங்கி,
பிள்ளையின் யூனிஃபார்ம்.

நின்றது என்றும் சொல்ல முடியாது.
குமிழைத் திருப்பினால் ங்ங்ங் என்று முனகுகிறது,
தொண்டைவரை வந்த பேச்சை
விழுங்கிவிட்டவன் மாதிரி.

வ.உ.சி. நகர் முக்கிலிருந்து மெக்கானிக் வந்தான்.
ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை.
"மோட்டார் பூட்ச்சுக்கா. மூவாயிரத்தி ஐந்நூறு ஆவும்."
வந்ததற்கு இருநூறு வாங்கிக்கொண்டு போனான்.

சீலனுக்குப் போன் போட்டேன்.
எண்ணூர் ரோட்டில் நிற்கிறான்,
துறைமுக கேட்டுக்கு இன்னும் இரண்டரை கிலோமீட்டர்,
நேற்று மதியத்திலிருந்து அதே இரண்டரை.
"போனை மெஷின்கிட்ட வை" என்றான்.
வைத்தேன்.
நாற்பதடி கண்டெய்னரை முதுகில் வைத்துக்கொண்டு
என் வீட்டு முனகலை அவன் கேட்டான்.
அவனுக்குப் பின்னால் ஒருத்தன்
ஹார்னை அழுத்தி எடுக்கவே இல்லை.
"மோட்டார் போயிருந்தா ஏது சத்தம்?
பெல்ட்டப் பாரு." அதோடு
சார்ஜ் தீர்ந்துபோச்சு அவனுக்கு.

பெல்ட் இல்லை.
அது தெரிய எனக்கு ஒன்றேகால் மணி நேரம்.
சொம்பால் மொண்டு மொண்டு தண்ணியை வாளியில் ஊற்றி
(லாரித் தண்ணி, கொட்ட மனசு வருமா)
பிளக்கைப் பிடுங்கிப் பாயில் சாய்த்தேன்.
பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ.
நாலு வந்தது. இரண்டை உப்புக்காற்று தின்றிருந்தது;
ஒன்று தேங்காயெண்ணெய்க்கு மசிந்தது,
ஒன்று குறடுக்கும் மசியாமல் தலை முறிந்தது.
உள்ளே ஒரு ஹேர்க்ளிப், செத்த கரப்பான்,
இந்தப் பக்கம் எதைத் திறந்தாலும் இருக்கிற
அதே கறுப்புத் தூசி.
பெல்ட் புதுச்செருப்பு வார் மாதிரி விறைப்பாக இருந்தது.
சக்கரத்தைக் கையால் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஓடுகிறதே. பிறகென்ன கேடு?

பாவமே என்று நிமிர்த்தி வைத்து
துணியில்லாமல் சுவிட்சைப் போட்டேன். ங்ங்ங்.
மரக்கரண்டிக் காம்பை விட்டு
அடியில் இருக்கும் தட்டை ஒரு தள்ளு தள்ளினேன்.
சுற்ற ஆரம்பித்தது!
நிறுத்தி, இந்தத் தடவை எதிர்ப்பக்கம் தள்ளினேன்.
எதிர்ப்பக்கம் சுற்றியது.
எந்தப் பக்கம் என்பதில் அதற்கு வழக்கே இல்லை,
யாராவது முதல் தள்ளு தள்ளினால் போதும்.
கரண்டியும் கையுமாகக்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தேன்.

மறுபடி பிளக், மறுபடி பாய்.
மோட்டாருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பருமனில்
ஒரு வெள்ளை டப்பி. வயிறு உப்பியிருந்தது.
பத்து மைக்ரோஃபாரட் என்று மேலே எழுத்து.
ஒயர் எது எங்கே என்று போட்டோ எடுத்துக்கொண்டு
ரப்பர் பிடிபோட்ட ஸ்க்ரூடிரைவரை
இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தேன்.
டப்.
நீலப்பொறி.
செத்ததற்குள்ளும் அவ்வளவு பாக்கி.
கட்டில்மேல் நின்ற ஜோவின் கை தட்டினான்:
"ம்மா, இன்னொரு வாட்டி!"

தங்கசாலையில் கடைக்காரர் பழசை உருட்டிப் பார்த்தார்.
"பத்து இல்லம்மா. பன்னெண்டரை எடுத்துக்கோ,
எகிறிக்கினு ஓடும்."
"எகிற வேணாம். ஓடினா போதும்."
"யார் சொன்னா பத்துதான்னு?"
"அதுலயே போட்டிருக்கு."
ஏணியில் ஏறி, தேடி, ஊதிக் கொடுத்தார்.
நூற்றி நாற்பது ரூபாய்.
கைப்பையில் டிஃபன் டப்பாவுக்கும் சர்ச் நோட்டீசுக்கும் நடுவே
பஸ்ஸில் என்னோடு வந்தது.

இரவு எட்டேமுக்காலுக்குத் தட்டு சுற்றியது.
வலம், ஒரு மூச்சு, இடம்.
காக்கிச் சட்டையிலிருந்து இறங்கிய தண்ணி
பழைய டீசல் நிறத்தில் குளியலறையைத் தாண்டிப் போனது.
அந்தச் சத்தத்தை நாற்பது விநாடி பதிந்து
சீலனுக்கு அனுப்பினேன். பேச்சு எதுவும் சேர்க்கவில்லை.
ஒற்றை டிக்.
அவன் வரிசை நகர்ந்ததோ என்னவோ.

துடைப்பம் போடும்போது
பாய்க்கடியில் கிடைத்தது ஒரு ஸ்க்ரூ.
தலை உள்ளது. நல்ல ஸ்க்ரூ.
எதனுடையது என்று இதுவரை தெரியவில்லை.